ஆறெழுத்துக்கு ஒரு நெடுஞ்சொல்

சென்ற பொங்கலன்று மானசகங்கோத்ரி விடுதியில் நம் மன்றத்தார் நடத்திய போட்டிகளுள் ஒன்று என்னைத் தலைகுனிய வைத்தது. கரும்பலகையில் எம், ஒய், எஸ், ஓ, ஆர், ஈ என்று ஆறு ஆங்கில எழுத்துக்களை எழுதினார்கள். மைசூர் என்பதன் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டல் அது. 2014-இல் ஊர்ப்பெயர் மைசூரு என மாறிவிட்டது. 1916-இல் தோன்றிய நம் பல்கலைக்கழகத்தின் பெயரில் மட்டும் பழைய வடிவமே நிலைத்திருக்கிறது. இந்த ஆறும் அமைந்த ஆங்கிலச் சொல் ஒன்றைக் கூற வேண்டும். எழுத்துக்கள் எந்த வரிசையிலும் வரலாம்; இடையே பிற எழுத்துக்களும் வரலாம். மிக நீண்ட சொல்லுக்கே பரிசு.

நான் அகராதியை எடுத்து எம் எழுத்துப் பக்கங்களைப் புரட்டினேன். பத்து நிமிடத்தில் ‘மிஸ்டீரியஸ்லி’ கிடைத்தது. 12 எழுத்து! ஆங்கில இலக்கியம் பயிலும் எனக்கு அதுவே பெருமையாயிருந்தது. ஏட்டையே தொடாத பௌதிக மாணவர் ஒருவர் எழுந்து, “தெர்மோடைனமிக்ஸ்” என்றார். 14 எழுத்து, ஆறும் உள்ளே இருந்தன. பரிசு அவருக்குப் போயிற்று. தோற்றவன் யோசித்துக் கண்டதை நண்பர்களுக்குச் சொல்லுவதில் தவறில்லை அன்றோ!

முதலில், நான் செய்த பிழை. அகராதி, முதலெழுத்து தெரிந்தவனுக்கே கதவு திறக்கும். நமக்குத் தெரிந்ததோ சொல்லின் வயிற்றுக்குள் இருக்கும் எழுத்துக்கள். ஆறு எழுத்தை மாற்றி மாற்றி அடுக்கிப் பார்ப்பதும் வீண்; 720 வகையாக அடுக்கலாம், அவற்றில் ஒன்றுகூட நெடுஞ்சொல்லைக் காட்டாது.

சரியான வழி, அரிய எழுத்திலிருந்து தொடங்குவது. இங்கே அது ஒய். ஈ-யும் எஸ்-ஸும் எங்கும் கிடக்கும், ஒய் அப்படியன்று. நீண்ட ஆங்கிலச் சொற்களில் அது குடியிருக்கும் இடங்கள் சிலவே. சொல்லின் கடைசியில் ‘லாஜி’, ‘கிராஃபி’, ‘மெட்ரி’ முதலிய ஈறுகளில் வரும். ‘பாலி’, ‘ஹைட்ரோ’, ‘டைனம்’ போன்ற கிரேக்க உறுப்புக்களில் வரும்.

இவற்றுள் ‘மெட்ரி’யைப் பாருங்கள். அளவை என்று பொருள்படும் இந்த ஓர் ஈற்றிலேயே எம், ஈ, ஆர், ஒய் நான்கும் அடங்கிவிட்டன. பாக்கி எஸ், ஓ இரண்டே. ‘ட்ரிகனாமெட்ரி’ என்று பார்த்தேன். ஓ உண்டு, எஸ் இல்லை. ‘சைகோமெட்ரி’யில் இரண்டும் உண்டு, 11 எழுத்து. ரசாயன மாணவர் நாள்தோறும் உச்சரிக்கும் ‘ஸ்டாய்கியோமெட்ரி’ 13. ஒளியை நிறவாரியாக அளக்கும் முறைக்குப் பெயரான ‘ஸ்பெக்ட்ரோஃபோட்டோமெட்ரி’ 17! போட்டியன்று இது தோன்றாமல் போயிற்றே என்று இன்றும் வருந்துகிறேன்.

‘பாலி’ என்னும் உறுப்பிலிருந்து புறப்பட்டால் ‘பாலிமரைசேஷன்’ கிடைக்கும், 14 எழுத்து. ஆனால் எச்சரிக்கை! அமெரிக்கர் அதை எஸ்-ஸுக்குப் பதிலாக இஸட் இட்டு எழுதுவர். அப்போது நம் ஆறில் ஒன்று குறைந்துவிடும். ஆகவே எந்த அகராதியைப் பின்பற்றுவது என்பதைப் போட்டிக்கு முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

சுருங்கச் சொன்னால், எழுத்தைத் தேடாமல் உறுப்பைத் தேட வேண்டும். பௌதிக நண்பர் வென்றதும் இதனால்தான். கணிப்பொறியில் ஒரு சொற்பட்டியலை ஏற்றி ஆறெழுத்தையும் கேட்டால், விடைகளைக் கண நேரத்தில் கொட்டிவிடும் என்பது உண்மையே. ஆனால் அச்சொல் ஏன் அவ்வளவு நீண்டது, எவ்வெவ் உறுப்புக்களால் ஆயிற்று என்பதைத் தானே தேடியவன்தான் அறிவான்.

முதலெழுத்தை விட்டு வேறு எழுத்தால் சொல் தேடுவது நமக்குப் புதிதன்று. வீரமாமுனிவர் 1732-இல் தொகுத்த சதுரகராதி, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளை உடையது. நான்காவதாகிய தொடையகராதி, செய்யுள் இயற்றுவோர்க்கு எதுகைச் சொற்களைத் திரட்டித் தருவது. எதுகைக்கு வேண்டியது இரண்டாம் எழுத்தன்றோ!

இத்தகைய தேடலையே தொழிலாகக் கொண்டோரும் நம் ஊரில் உண்டு. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டியல் அலுவலகம் 1966 முதல் மைசூரில் இருக்கிறது. இங்கே நெடுங்காலம் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றும்படி 2021-இல் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. அத்தகைய மைப்படி ஒன்றை எண்ணிப் பாருங்கள். கல் சிதைந்து, அரசன் பட்டத்தில் ‘கேசரி’ என்ற எழுத்துக்களே எஞ்சியிருக்கின்றன. அவற்றைக் கொண்ட சொல் யாது? ‘ராஜகேசரி’யும் பொருந்தும், ‘பரகேசரி’யும் பொருந்தும். சோழ மன்னர் இவ்விரு பட்டங்களையும் மாறி மாறிப் பூண்டனர். முதலாம் இராசராசன் ராஜகேசரி. அவன் மகன் இராசேந்திரன் பரகேசரி. கல்வெட்டுக்கள் ஆட்சியாண்டால் காலம் குறிப்பன. எனவே பட்டத்தை ஊகித்து நிரப்பினால், தந்தை காலத்துக் கொடை மகன் கணக்கில் ஏறிவிடும். ஒரு கோயிலின், ஓர் ஊரின் வரலாறே இடம் மாறும். அதனாலேயே கல்வெட்டறிஞர், ஐயமான எழுத்துக்களையும் தாம் நிரப்பியவற்றையும் பகர அடைப்பில் இட்டுப் பதிப்பிக்கின்றனர். சான்று இல்லையேல் இடத்தைக் காலியாகவே விட்டுவிடுவர்.

விளையாட்டில் எழுத்துப் பொருந்தினாலே வெற்றி. கல்வெட்டில் அது தேடலின் தொடக்கமே. அடுத்த பொங்கலுக்கு ‘ஸ்பெக்ட்ரோஃபோட்டோமெட்ரி’யோடு காத்திருக்கிறேன். அதைவிட நீண்ட சொல்லோடு வரும் நண்பரிடம், அதன் உறுப்புக்களையும் பிரித்துப் பொருள் சொல்லும்படி கேட்பேன். சொல்லிவிட்டால் பரிசை மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுப்பேன்.