சாவிக்குள் இரண்டு சாவிகள்



லயத்து வாசலில் சைக்கிள் சாய்ந்திருந்த காலம் ஒன்று இருந்தது. பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது. இன்றோ தோட்டத்திலும் பட்டணத்துத் தாமானிலும் பல வீடுகளின் முன்னால் கார் நிற்கிறது. அப்பா செம்பனைக் குலை வெட்டிய கூலி, அம்மா சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம், தொழிற்சாலைக்குப் போகும் மகனின் சம்பளம் எல்லாம் சேர்ந்துதான் அதற்கு மாதத் தவணை கட்டுகின்றன. ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் அந்தக் கார்தான் துணை. அது ஒரே இரவில் களவு போனால் குடும்பமே தத்தளித்துப் போகும்.

அந்தக் காரைக் காப்பது உங்கள் கையில் இருக்கும் சாவி. பித்தானை அழுத்தினால் கதவு திறக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சிறிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. ஒன்று, கதவைத் திறப்பது. மற்றது, இயந்திரம் ஓட அனுமதி கொடுப்பது. இவ்விரண்டையும் பிரித்துத் தெரிந்துகொண்டால் வீண் செலவு மிச்சமாகும். காருக்கும் காவல் கூடும்.

வெறும் இரும்பாக இருந்த சாவி

1985ஆம் ஆண்டில் நம் நாட்டின் முதல் புரோட்டோன் சாகா கார் வெளிவந்தபோது அதன் சாவி பல் வெட்டிய உலோகத் துண்டுதான். அக்காலத்துக் கார்களில் பூட்டை நெம்பித் திருப்பினாலோ, ஸ்டியரிங் அடியில் ஒயர்களை இழுத்து இணைத்தாலோ இயந்திரம் ஓடிவிடும். வந்தவன் சொந்தக்காரனா திருடனா என்று காருக்குத் தெரியாது.

இதற்கு மாற்றுத் தேடியவர்களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் ஒன்று. 1986ஆம் ஆண்டின் கோர்வெட் காருக்கு, மின்தடை வில்லை ஒன்று பதித்த சாவியை அது கொடுத்தது. வில்லையின் அளவு பொருந்தினால்தான் இயந்திரம் கிளம்பும். ஆனால் மொத்தமே 15 வகை வில்லைகள்தாம். பொறுமையுள்ள திருடனுக்கு 15 சாவிகள் போதுமே! ஆகவே 1990களில் சாவிக்குள் மின்னணுச் சில்லு வந்து சேர்ந்தது. அந்தச் சில்லும் அதைச் சோதிக்கும் காரின் கருவியும் சேர்ந்ததைத்தான் ‘இம்மோபிலைசர்’ என்கிறார்கள். காரை நகர விடாத காவல் என்று பொருள் கொள்ளலாம்.

இயந்திரத்துக்கு யார் அனுமதி கொடுப்பது?

சாவியை நுழைக்கும் துவாரத்தைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாமல், ஒரு செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அந்தச் சுருள் மெல்லிய வானொலி அலையை எழுப்பும். சாவித் தலையில் இருக்கும் சில்லுக்கு பேட்டரி கிடையாது. அந்த அலையிலிருந்தே தனக்கு வேண்டிய மின்சக்தியை எடுத்துக்கொண்டு அது விழித்தெழும்.

உடனே கார் ஒரு கேள்வி கேட்கும். இதைத் தோட்டத்து வாசலில் நிற்கும் ஜாகாவோடு ஒப்பிடலாம். ஜாகா ஒவ்வொரு தடவையும் ஒரு புது எண்ணைச் சொல்கிறார். உள்ளே வருபவர் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு ரகசியக் கணக்கைப் போட்டு விடையைச் சொல்ல வேண்டும். விடை சரியென்றால் வழி உண்டு. நேற்று ஒட்டுக் கேட்டவன் இன்று வந்து அதே விடையைச் சொன்னால் பலிக்காது. ஏனெனில் இன்றைய கேள்வி வேறு. நல்ல சில்லுகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. விடை தவறினால் காரின் கணினி எண்ணெயையோ தீப்பொறியையோ ஸ்டார்ட்டரையோ தடுத்துவிடும். திருடன் ஒயரை எப்படி இழுத்துக் கட்டினாலும் இயந்திரம் ஓடாது.

இதனால் பலன் உண்டா என்று கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதல் புதிய கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள். நெதர்லாந்தில் 1995 முதல் 2008 வரையிலான கணக்கை ஆராய்ந்த இரு பொருளியல் அறிஞர்கள், இந்தக் கருவியால் கார்த் திருட்டு சராசரியாகச் சுமார் 40 விழுக்காடு குறைந்தது என்று கண்டார்கள்.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் உலகம் பார்த்தது. அமெரிக்காவில் விற்ற 2015ஆம் ஆண்டு ஹியுண்டாய், கியா கார்களில் 26 விழுக்காட்டில் மட்டுமே இம்மோபிலைசர் இருந்தது. மற்ற நிறுவனங்களின் கார்களில் அது 96 விழுக்காடு. இந்தப் பலவீனம் 2021 வாக்கில் வெளியே பரவியது. சாவித் துவாரத்தின் மூடியைப் பெயர்த்து, கைப்பேசி ஒயரின் முனையால் திருப்பியே இளவட்டங்கள் கார்களை ஓட்டிப் போனார்கள். அதன் பிறகுதான் அவ்விரு நிறுவனங்கள் அங்கு விற்கும் எல்லாப் புதிய கார்களிலும் அந்தக் காவல் பொருத்தப்பட்டது.

கதவைத் திறக்கும் வேலை

அடுத்தது பித்தான். தூரத்திலிருந்து கதவைத் திறக்கும் சாவி 1982இல் பிரான்ஸ் நாட்டு ரெனோ ஃபுவேகோ காரில் வந்தது. இந்த வேலைக்குத்தான் பேட்டரி வேண்டும்.

பித்தானை அழுத்தினால் சாவி ஒரு ரகசிய எண்ணை வானொலி அலையில் அனுப்பும். எப்போதும் ஒரே எண்ணை அனுப்பினால் பக்கத்தில் ஒருவன் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு போட்டுக் காட்டலாம். அதனால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் எண் மாறுகிறது. கோயில் அன்னதானச் சீட்டைப் போல, ஒரு முறை கிழித்த சீட்டு மறுமுறை செல்லாது. சாவியும் காரும் ஒரே வரிசையில் எண்ணிக்கொண்டு போகின்றன. குழந்தை விளையாட்டாகச் சில தடவை அழுத்திவிட்டாலும் கார் சற்று முன்னே உள்ள எண்களையும் ஏற்றுக்கொள்ளும். அளவுக்கு மீறி அழுத்திவிட்டால் இரண்டின் கணக்கும் பிசகி, மறுபடி பழக்க வேண்டி வரலாம்.

இங்கேதான் பலர் வீண் செலவு செய்கிறார்கள். பித்தான் வேலை செய்யவில்லை என்றதும் சாவியே கெட்டுவிட்டது என்று எண்ணிவிடுகிறார்கள். சில வெள்ளிக்குக் கிடைக்கும் வட்டப் பேட்டரி தீர்ந்திருக்கலாம். கதவைச் சாவியால் திறந்து திருப்பினால் கார் கிளம்பிவிடும். ஏனெனில் சில்லுக்கு பேட்டரி தேவையில்லை. மாறாக, கதவு திறந்தும் இயந்திரம் கிளம்பாமல், முன் பலகையில் சாவி அல்லது பூட்டுப் படம் போட்ட விளக்கு விடாமல் மின்னினால், இம்மோபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை என்று பொருள். போர்மனிடம் இந்த வேறுபாட்டைச் சொல்லிவிட்டால் அவருக்கும் வேலை சுலபம்.

தாய்மார்களுக்கு ஒரு சொல்: மாற்றிய பழைய பேட்டரியைக் கண்ட இடத்தில் போடாதீர்கள். குழந்தை விழுங்கினால் அது தொண்டைக்குழலை இரண்டு மணி நேரத்திற்குள் புண்ணாக்கிவிடும். அப்படி நேர்ந்தால் சிறிதும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

சட்டைப் பையிலேயே இருக்கும் சாவி

இப்போது வரும் பல கார்களில் சாவியை வெளியே எடுக்கவே வேண்டாம். கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கிறது. பித்தானை அழுத்தினால் இயந்திரம் கிளம்புகிறது. கார் தன்னைச் சுற்றி ஓரிரு மீட்டர் தூரத்துக்கு மட்டும் எட்டும் அலையை அனுப்பிச் சாவியைக் கூப்பிடுகிறது; சாவி பதில் சொல்கிறது. பதில் வந்தால் சாவி அருகில் இருக்கிறது என்று கார் நம்பிவிடுகிறது.

அந்த நம்பிக்கையில்தான் ஓட்டை. 2011இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எட்டு நிறுவனங்களின் பத்து வகைக் கார்களைச் சோதித்தார்கள். ஒரு கருவி காரின் கூப்பாட்டைப் பிடித்து, தூரத்தில் சாவியருகே இருக்கும் இன்னொரு கருவிக்குக் கடத்தியது. பத்துக் கார்களும் ஏமாந்தன! ரகசியக் கணக்கை யாரும் உடைக்கவில்லை, குரலைத்தான் நீட்டினார்கள். திருடர்களும் பிறகு இதே வழியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் வீட்டுக் கதவோரம், மற்றவன் காரருகே. சத்தமில்லாமல் கார் போய்விடும்.

நமது வீடுகளில் வாசலுக்கும் காருக்கும் தூரம் எவ்வளவு? கதவுக்குப் பக்கத்து ஆணியில் சாவியை மாட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். வீட்டின் உட்புறத்தில், மூடியுள்ள பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். டின்னோடு காரருகே போய்க் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். திறந்தால் அந்த டின் உதவாது, வேறு டின் தேடுங்கள். ஸ்டியரிங் இரும்புப் பூட்டையும் பழசு என்று ஒதுக்காதீர்கள். அலையால் அதைத் திறக்க முடியாது.

கடைத்தெருவில் காரை நிறுத்தும்போது இன்னொரு கவனம் வேண்டும். உங்கள் சாவியின் அலையை அமுக்கும் கருவியும் திருடர்களிடம் உண்டு. பித்தானை அழுத்திவிட்டுத் திரும்பிப் பாராமல் போகாதீர்கள். கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பாருங்கள்.

பழைய கார் வாங்குவோருக்கு

விற்பவரிடம் எத்தனை சாவி என்று முதலில் கேளுங்கள். இரண்டையும் வாங்கி, இரண்டாலும் இயந்திரத்தை ஓட்டிப் பாருங்கள். பிறகு சாவி பழக்கும் கருவி உள்ள ஒர்க்‌ஷாப்பில், காரின் நினைவில் எத்தனை சாவிகள் பதிந்துள்ளன என்று பார்க்கச் சொல்லுங்கள். தெரியாத சாவி இருந்தால் அழித்துவிடலாம். இருப்பது ஒரே சாவி என்றால், அது தொலைவதற்கு முன்பே இன்னொன்று செய்துகொள்ளுங்கள். கையில் ஒரு சாவியாவது இருக்கும்போது மற்றொன்றைப் பழக்குவது பெரும்பாலும் சுலபம். எல்லாம் தொலைந்த பின் செலவு கூடும்.

சிறிய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் இந்தச் சில்லு இல்லை. அவற்றுக்குச் சங்கிலியும் சக்கரப் பூட்டும்தான் காவல்.

எந்தக் காவலானாலும் உயிருக்குப் பிறகுதான். 2005ஆம் ஆண்டு நம் நாட்டிலேயே நடந்ததை மறக்க முடியாது. கைரேகை பார்த்துக் கிளம்பும் விலையுயர்ந்த கார் ஒன்றைப் பறித்த கும்பல், இயந்திரத்தை மீண்டும் ஓட்டுவதற்காகச் சொந்தக்காரரின் விரலையே வெட்டி எடுத்துக்கொண்டது. பூட்டு வலுவானால் திருடன் மனிதனைத் தேடி வருவான். கத்தியோடு வந்து கேட்டால் சாவியைக் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லி வையுங்கள். கார் போனால் போலீசில் புகார் கொடுக்கலாம். திருட்டுக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் இழப்பீடும் கேட்கலாம். ஆகவே உங்கள் இன்சூரன்ஸ் திருட்டுக்கும் பொருந்துமா என்பதை இன்றே எடுத்துப் பாருங்கள்.