அவல நகைச்சுவையும் அறத்தின் ஐயமும்

நகை பிறத்தற்குரிய களன்களை நான்காக வகுத்த தொல்காப்பியர், எள்ளலோடு மடனையும் அவற்றுள் வைத்தார். பிறர் கற்பித்ததை ஏற்று, ஏற்றதை விடாது பற்றி நிற்றலே மடன் என உரையாசிரியர் விளக்குவர். இவ்விளக்கம் தீவிரவாதியின் மனநிலைக்கும் பெரிதும் பொருந்துவதாகும். அம்மனநிலையை நகைக்குப் பொருளாக்கி, அதனால் விளையும் அழிவையும் மறையாது காட்டுவன அவல நகைச்சுவைத் திரைப்படங்களுள் ஒரு வகையின.

பீற்றர் ஜோர்ஜ் 1958 இல் எழுதிய அணுப்போர் பற்றிய நாவலில் நகைச்சுவைக்கு இடமில்லை. அதனைத் திரைக்கதையாக்கப் புகுந்த ஸ்டான்லி குப்ரிக், முதலில் அவ்வாறே எடுக்க எண்ணினார். ஆயின், கதையை ஆராயுந்தோறும் அபத்தமே முன்னின்றமையால், 1964 இல் 'டொக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' நகைச்சுவைப் படமாகவே வெளிவந்தது. அதில் வரும் அமெரிக்கத் தளபதி ஒருவன், குடிநீரிற் புளோரைட்டுச் சேர்ப்பது மக்களின் உடலைக் கெடுக்கப் பொதுவுடைமையர் செய்யும் சதி என உறுதியாக நம்புகிறான். அந்நம்பிக்கையின் பேரில் சோவியத் ஒன்றியத்தின்மீது அணுகுண்டு விமானங்களை ஏவுகிறான். காரணம் நகைப்பிற்குரியது; காரியமோ உலக நாசம். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள பொருத்தமின்மையே இவ்வகைப் படங்களின் உயிர்நிலை எனலாம்.

இது கற்பனைக்கே உரியதென இலங்கையில் வாழ்வோர் ஒதுக்கிவிடல் இயலாது. 2018 பெப்ரவரியில், அம்பாறை நகரின் முஸ்லிம் உணவகமொன்றில் உணவிற் கிடந்த கட்டியொன்று சிங்களவரை மலடாக்கும் மாத்திரை எனக் கூறப்பட்டது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக்கட்டியே என அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை பின்னர் தெரிவித்தது. அம்பாறை நிகழ்ச்சிக்குச் சில நாட்களின்பின், வீதித் தகராறொன்றில் தாக்கப்பட்ட சாரதி ஒருவரின் மரணத்தைத் தொடர்ந்து கண்டி மாவட்டத்தில் வன்செயல் மூண்டது. தெல்தெனிய, திகன, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை முதலிய இடங்களில் முஸ்லிம்களின் உடைமைகளும் வழிபாட்டிடங்களும் தாக்குதலுக்கு உள்ளாயின. திகனவில் எரிந்த இல்லமொன்றில் இளைஞர் ஒருவர் மாண்டார். மார்ச் 6 ஆம் நாள் நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. குடிநீரை அஞ்சிய தளபதிக்கும் மாவுக்கட்டியை அஞ்சிய கூட்டத்திற்கும் இடையே மனநிலையில் வேற்றுமை சிறிதே.

மடனைக் காட்டுவதோடு அமையாது, அது தளரும் கணத்தையும் காட்டுகிறது கிறிஸ் மொரிஸ் 2010 இல் இயக்கிய பிரித்தானியப் படமான 'ஃபோர் லயன்ஸ்'. தற்கொலைத் தாக்குதலுக்குத் திட்டமிடும் சில இளைஞரைப் பற்றியது அது. வெடிமருந்தைச் சுமந்து ஓடும் ஒருவன் கால் இடறி வீழ்ந்து, அருகில் நின்ற ஆட்டுடன் மடிகிறான். அவையினர் நகைக்கின்றனர். ஆயின், பேதையான தோழனை இச்செயலுக்கு இழுத்த தலைவன், தான் செய்தது தவறென இறுதியில் உணர்ந்து, அவனைத் தடுக்க முயலும்போது அந்நகை உறைந்துவிடுகிறது. அவன் நெஞ்சில் ஐயம் பிறக்கிறது. ஆனால் காலம் கடந்துவிடுகிறது.

மக்கள் மாளும் செய்தியை வைத்து நகைத்தல் அறமாகுமா என்னும் வினாவும் ஈண்டு எழும். 1940 இல் 'தி கிரேட் டிக்டேட்டர்' படத்தில் ஹிட்லரை நையாண்டி செய்த சார்லி சாப்ளினையே இவ்வினா வருத்தியது. வதைமுகாம்களின் உண்மைக் கொடுமையை அறிந்திருப்பின் அப்படத்தை எடுத்திருக்க இயலாது எனத் தம் சுயசரிதையில் 1964 இல் அவர் எழுதினார். கலைஞனுக்கும் ஓர் எல்லை உண்டென்பதை இஃது உணர்த்தும். துன்புற்றோரை நோக்கிய நகை வெறும் எள்ளலாய் இழிந்துவிடும். துன்புறுத்தியோரின் மடனை நோக்கிய நகையே அறத்தோடு பொருந்தும்.

திரையில் ஐயம் காலங்கடந்தே வருகிறது. காண்போருக்கோ காலம் உண்டு. மாவுக்கட்டி போன்ற மற்றொரு வதந்தி செவிக்கு எட்டும்போது, 'இது மெய்தானா?' என ஒரு கணம் தயங்குவதற்கு இத்தகைய படங்கள் உள்ளத்தைப் பழக்குமாயின், அவற்றின் பயன் அதுவே.