ஆப்பிரிக்க முரட்டு மீன்களுக்கு எந்தக் கெளுத்தி துணை? தெரியுமா?

புதுச்சேரியில் ஊசுட்டேரி மீன், பாகூர் ஏரி மீன் என்று கூடையில் வருமே ஜிலேபிக் கெண்டை, அது சிக்லிட் என்ற குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஆப்பிரிக்க மீன், தெரியுமா? மொசாம்பிக் திலாப்பியா என்ற அந்த மீன் 1952-ல்தான் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது! அதன் உறவுக்காரர்கள்தான் வண்ணமீன் கடையில் மஞ்சளும் நீலமுமாக மின்னும் மலாவி ஏரி மீன்கள். கொள்ளை அழகு, குணமோ படுமுரடு! அவற்றோடு ஒரே தொட்டியில் குடித்தனம் நடத்தக்கூடிய கெளுத்திகளும் உண்டு. வாருங்கள், ஒவ்வொன்றாக வியப்போம்!

தொண்டைக்குள் இன்னொரு தாடை!

சிக்லிட்டுக்கு வாயில் ஒரு ஜோடி தாடை, தொண்டைக்குள் இன்னொரு ஜோடி! முன்தாடை கவ்வும், பின்தாடை அரைக்கும். மலாவி ஏரியில் மட்டும் பல நூறு சிக்லிட் இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பாறை இடுக்குகளில் வாழும் 'புனா' மீன்கள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு, அதற்குள் யார் நுழைந்தாலும் துரத்தித் துரத்திக் கடிக்கும்.

துணி துவைத்தால் நுரைக்காத தண்ணீரா? கொண்டாடுங்கள்!

சில ஊர்களில் போர் தண்ணீர் கடினமாக இருக்கும். சோப்பு நுரைக்காது, குடத்தில் வெள்ளையாக உப்புப் படியும். வீட்டுக்குத் தொல்லையான அந்தச் சுண்ணாம்புத் தன்மைதான் இந்த ஆப்பிரிக்க மீன்களுக்கு உயிர்! மலாவி ஏரித் தண்ணீரின் பிஹெச் அளவு 7.8 முதல் 8.6 வரை. இன்னோர் ஆப்பிரிக்க ஏரியான டாங்கனிக்காவில் 9-ஐக்கூடத் தொடும். ஆகவே வில்லியனூரோ பாகூரோ, முதல் வேலை உங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதிப்பது. அதற்கான சின்ன சோதனைப் பெட்டி வண்ணமீன் கடையிலேயே கிடைக்கும். இந்தக் கடினத் தண்ணீரில் யார் சுகமாக இருப்பார்களோ அவர்கள்தான் சரியான துணை!

முள்ளைப் பூட்டிக்கொள்ளும் வீரன்!

சினோடோன்டிஸ் என்ற ஆப்பிரிக்கக் கெளுத்திதான் இந்தத் தொட்டிகளின் நாயகன். முதுகிலும் பக்கத் துடுப்புகளிலும் தடித்த முட்கள். ஆபத்து வந்தால் விறைத்துப் பூட்டிக்கொள்ளும், எதிரியால் விழுங்க முடியாது! அந்த முள்ளை உரசிக் கீச்சென்று சத்தமும் போடும்! பகலில் பாறைப் பொந்தில் படுத்திருக்கும், விளக்கை அணைத்ததும் இரை தேடக் கிளம்பும். சிக்லிட் ஆட்டம் போடும் நேரத்தில் இது ஓய்வில், இது உலாவும் நேரத்தில் சிக்லிட் உறக்கத்தில். சண்டைக்கே இடமில்லை!

டாங்கனிக்காவின் புள்ளிபோட்ட பெட்ரிக்கோலா என்ற சினோடோன்டிஸ் சுமார் 10 செ.மீ. மட்டுமே வளரும். மூன்று நான்காகச் சேர்த்து விட்டால் கூச்சம் விட்டு வெளியே வரும். மலாவி ஏரிக்கென்றே உரிய சினோடோன்டிஸ் ஒன்றே ஒன்றுதான்: நியாசே!

குயில் வேலை செய்யும் கெளுத்தி!

குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவது நமக்குத் தெரியும். மீன் அதைச் செய்யும் என்று தெரியுமா? டாங்கனிக்காவின் சினோடோன்டிஸ் மல்டிபங்டேட்டஸ் செய்கிறது! அங்குள்ள பல சிக்லிட் தாய்கள் முட்டையை வாய்க்குள் வைத்து அடைகாப்பவை. தாய் முட்டையிட்டு அள்ளும் அந்த நொடியில் இந்தக் கெளுத்தி ஜோடி பாய்ந்து இடையில் புகும். சிக்லிட் முட்டையில் சிலவற்றைத் தின்னும், தன் முட்டையைத் தூவும். பதறும் தாய் இரண்டையும் சேர்த்து அள்ளிக்கொள்வாள். கெளுத்தி முட்டை முதலில் பொரியும். பொரிந்த குஞ்சு, அந்த வாய்க்குள்ளேயே சிக்லிட் குஞ்சுகளைத் தின்று வளரும்!

ஜப்பானிய ஆய்வாளர் தெட்சு சாத்தோ 1986-ல் 'நேச்சர்' இதழில் இதை உலகுக்குச் சொன்னார். 2018-ல் வந்த ஓர் ஆய்வு இன்னும் வியப்பானது: இந்தக் கெளுத்தியோடு காலங்காலமாகப் பழகிய டாங்கனிக்கா சிக்லிட்டுகள் ஓரளவு தப்பிவிடுகின்றன, இதைக் கண்டே இராத பிற ஏரிச் சிக்லிட்டுகள்தான் அதிகம் ஏமாறுகின்றன! சிக்லிட் குஞ்சு எடுக்க ஆசைப்படுபவர்கள் இதை வாங்கும் முன் யோசியுங்கள்.

உடம்பெல்லாம் நாக்கு!

கெளுத்தியின் சுவை மொட்டுகள் மீசையிலும் தோலிலும் பரவிக் கிடக்கும். சில கெளுத்திகளில் அவை ஒரு லட்சத்துக்கும் மேல்! அதனால் இருட்டிலும் இரை கண்டுபிடிக்கும். விளக்கை அணைத்த பிறகு அடியில் மூழ்கும் பெல்லட்டைப் போடுங்கள். பகலில் போட்டால் சிக்லிட்டே காலி செய்துவிடும். சினோடோன்டிசுக்குச் செதில் கிடையாது. தொட்டியில் மருந்து ஊற்றும்போது அளவில் கூடுதல் கவனம் வேண்டும்.

இவர்கள் வேண்டவே வேண்டாம்!

குட்டிக் கோரிடோராஸ் தென் அமெரிக்க மீன், சாது. முரட்டுச் சிக்லிட் அதை விழுங்கப் பார்த்தால் முள் தொண்டையில் சிக்கி இரண்டுமே சாகலாம். 'ஷார்க்' என்று விற்கும் பங்காசியஸ் உண்மையில் ஒரு கெளுத்தி, ஒரு மீட்டருக்கும் மேல் வளரும்! சிவப்பு வால் கெளுத்தியும் அப்படியே. மின்சாரக் கெளுத்தியோ சுமார் 350 வோல்ட் வரை பாய்ச்சக்கூடியது!

தென் அமெரிக்கக் கெளுத்திதான் என்றாலும், பாசி தின்னும் பிரிஸ்டில்நோஸ் விதிவிலக்கு. எலும்புத் தகடு போர்த்த உடம்பு, 15 செ.மீ.க்குள் அடங்கும், கடினத் தண்ணீரையும் தாங்கும்.

தொட்டி எவ்வளவு பெரிது?

4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் சுமார் 250 லிட்டர். புனாவுக்கு அதற்குக் குறையக் கூடாது! ஓர் ஆணுக்குப் பல பெண்கள் என்று விட்டால் கடி ஒரே மீனின்மேல் விழாமல் பிரியும். சிக்லிட் எண்ணிக்கையைவிடப் பொந்துகள் அதிகம் இருக்கட்டும். கெளுத்திக்கென்று இருட்டான பொந்து தனியாக வையுங்கள்.

கடைசியாக ஒன்று, கட்டாயம் தெரிய வேண்டியது!

'டாங்க் கிளீனர்' என்று வாங்கும் பெரிய சக்கர் மீன் கரையைக் குடைந்து வளை தோண்டி முட்டையிடும், தெரியுமா? இந்தியாவின் பல நீர்நிலைகளில் அது ஏற்கெனவே பரவிவிட்டது. தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாக வந்து நிறையும் பாகூர் ஏரிக்கும், 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊசுட்டேரிக்கும் அந்தக் கேடு வரக் கூடாது. தொட்டியில் ஒத்துப்போகாத மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் சேர்த்துவிடுங்கள். ஏரியிலோ வாய்க்காலிலோ ஒன்றைக்கூட விடாதீர்கள்!