கதாநாயகி ஒரு லாரி!

நாடகத்தில் கதாநாயகி இறந்தால் ஜனங்கள் கண்ணீர் விடுவது வழக்கம். அந்தக் கதாநாயகி ஓட்டை லாரியாக இருந்தால்? 1934-ம் வருஷம் ஏப்ரல் 29-ந் தேதி இரவு, இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்து ஆர்னோ நதிக்கரையில் இந்தப் பரீட்சை நடந்தது. கூடியிருந்தவர்கள் சுமார் 20,000 பேர்.

அதற்கு ஒரு வருஷம் முன்பு, ரோமாபுரியில் பேசிய முசோலினி ஒரு கணக்குச் சொன்னார். மிலான் நகரின் ஸ்காலா அரங்கம், ஊரில் 1,80,000 பேர் இருந்த காலத்துக்குச் சரி. பத்து லட்சம் பேருக்கு அது எம்மாத்திரம்? இனி 15,000, 20,000 பேர் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும் நாடகங்கள் வேண்டும் என்றார்.

கலைமேல் உள்ள காதல் மட்டும் காரணமல்ல. இத்தாலி ஒரே ராஜ்யமானதே 1861-ல்தான். ஊருக்கு ஒரு பேச்சு, ஊருக்கு ஒரு பழக்கம். காசுக்குத் தக்கபடி மாடம், தரை என்று பிரிந்து உட்காரும் கொட்டகையில் 'ஒரே தேசம்' என்ற உணர்ச்சி எப்படி வரும்? திறந்த வெளியில் திரளாக உட்கார வைத்தால் வரும் என்று பாஸிஸ்டுகள் நம்பினார்கள். ரஷ்யாவில் 1920-லேயே, குளிர்கால அரண்மனையைப் புரட்சிக்காரர்கள் பிடித்த கதையை, அந்த அரண்மனையின் முன்பாகவே ஆயிரக்கணக்கானோர் நடித்துக் காட்டியிருந்தனர். கம்யூனிஸ்டுகள் ஜன்ம விரோதிகள். அவர்களுடைய நாடக வித்தை மட்டும் கசக்கவில்லை போலும்!

தோட்டாப் பை அம்மா

நாடகத்தின் பெயர் '18 பி.எல்.' முதல் உலக யுத்தத்தில் பட்டாளத்தைச் சுமந்த பியட் லாரி ரகத்தின் பெயர் அது. நாடகத்தில் அதற்குச் செல்லப் பெயரும் உண்டு: 'மம்மா ஜிபெர்னா', அதாவது தோட்டாப் பை அம்மா. இயக்கியவர் சினிமா டைரக்டர் அலெஸாண்ட்ரோ பிளாஸெட்டி. நடித்த சுமார் 2,000 பேரும் தொழில்முறை நடிகர்கள் அல்ல. போதாததற்குக் குதிரைப் படை, பீரங்கிகள், ஐம்பது லாரிகள், வானத்தில் விமானங்கள்!

முதல் அங்கம் போர்க்களம். இரண்டாவது, பாஸிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்த கதை. இங்கேதான் நெருடுகிறது. நிஜத்தில் பாஸிஸ்ட் அடியாட்கள் இத்தகைய லாரிகளில் ஏறி ஊர் ஊராகப் போய்த் தொழிற்சங்க ஆபீஸ்களைக் கொளுத்தினார்கள். எதிர்த்தவர்கள் வாயில் விளக்கெண்ணெயை ஊற்றினார்கள். பிளாரன்ஸும் அடிபட்ட ஊர்தான். அந்த லாரியைத்தான் 'அம்மா' என்று கொண்டாடச் சொன்னார்கள். மூன்றாவது அங்கத்தில் சதுப்பு நிலத்தைத் திருத்துகிறார்கள். உழைத்து ஓய்ந்த லாரியைப் பள்ளத்தில் தள்ளி, மண்ணைப் போட்டு மூடி, மேலே ரஸ்தா போடுகிறார்கள்.

யாரும் அழவில்லை. மேடைக்கும் ஜனங்களுக்கும் இடையே அவ்வளவு தூரம். நடிகர்கள் எறும்பு போலத் தெரிந்தார்கள், குரல் ஒலிபெருக்கியில் வந்தது. பத்திரிகை விமர்சகர்கள் கை விரித்துவிட்டார்கள். அந்த ஓர் இரவோடு நாடகம் சரி. அதே ஆண்டு அக்டோபரில், பிரண்டெல்லோ தலைமையில் ரோமில் கூடிய சர்வதேச நாடக மகாநாட்டிலும் இந்தத் தோல்வி அலசப்பட்டது.

ரஸ்தா போய்ச் சேரும் ஊராக நாடகத்தில் வந்தது லிட்டோரியா. 1932-ல் முசோலினி நிஜமாகவே நிர்மாணித்த நகரம் அது. பாஸிஸ்டுச் சின்னத்தின் ஞாபகமாக வைத்த பெயர். அவர் வீழ்ந்த பிறகு ஊர்க்காரர்கள் தங்கள் ஊரை லத்தீனா என்று அழைக்கிறார்கள்.