பருத்திப்பட்டு ஏரியில் பதினான்கு சுற்று

ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரைப் பூங்கா 2019-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் நடைபாதை ஏறக்குறைய 3 கிலோமீட்டர். பதினான்கு முறை ஓடினால் மாரத்தான் தூரமாகிய 42.195 கிலோமீட்டருக்கு ஒரு கூப்பிடு தூரமே குறையும். அம்பத்தூர் ஆலைகளில் பகலெல்லாம் உழைப்பவர்களுக்கு இது சாத்தியமா என்று நேயர்கள் கேட்கலாம்.

சாத்தியமே என்போம். 1920-ல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் நம் நாட்டுப் பத்தேப்பா சௌகுலே 42.75 கிலோமீட்டர் ஓடிப் 19-ஆவதாக வந்தார். முந்தைய ஆண்டு புனாவில் குடியானவர்கள் வெறுங்காலுடன் ஓடியதைக் கண்டு வியந்த தோராப்ஜி டாட்டாவே அக்குழு செல்ல வழி செய்தவர்.

ஆனால் ஆர்வம் மட்டும் போதாது. உடலில் சேமித்த சர்க்கரை 30 கிலோமீட்டரை ஒட்டித் தீர்ந்துபோகும். கால்கள் இரும்பாய்க் கனக்கும். வாரம் ஒரு நாள் நெடுந்தூரம் ஓடி, அதை மெல்ல மெல்லக் கூட்டிவந்தால், கொழுப்பை எரிக்கத் தசைகள் பழகிக்கொள்ளும். உடன் வருபவரோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகமே உசிதம். அவசரப்பட்டவர் முழங்கால் வலியோடு திண்ணையில் உட்கார வேண்டியதுதான்.

நம் ஊர்ப் புழுக்கம் இன்னொரு சத்துரு. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. ஆகவே விடியுமுன் புறப்பட வேண்டும். மணிக்கணக்காக ஓடுபவர் வெறுந்தண்ணீரை அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து உயிருக்கே அபாயம் நேரலாம். தாகத்துக்கேற்ற அளவு நீரும், சிறிது உப்பும் வேண்டும்.

ஒரு சுற்று ஓடத் தெரிந்தவர் பதினான்கை எட்ட மாதங்கள் பல ஆகும். ஆகட்டுமே! ஏரி எங்கும் போய்விடாது.