உங்களுக்குத் தெரியுமா? முதுகில் ஒரு வாரச் சாப்பாடு

மொராக்கோவின் சஹாராவில் நடக்கும் 'மராத்தான் தெ சாப்ல' ஓட்டத்தின் தூரம் சுமார் 250 கிலோமீட்டர். 1984இல் 35 கிலோ சுமையோடு சஹாராவின் ஒரு பகுதியைத் தனியே நடந்து கடந்த பிரெஞ்சுக்காரர் பத்ரிக் பவர், 1986இல் இதைத் தொடங்கினார். தண்ணீரை வழியில் தருவார்கள். சாப்பாடு அவரவர் முதுகில்தான். நெடுங்காலமாக இருந்துவரும் விதிப்படி, நாளொன்றுக்குக் குறைந்தது 2,000 கலோரி கையில் இருக்க வேண்டும். பையின் எடை 6.5 முதல் 15 கிலோவுக்குள்.

இங்கேதான் கணக்கு சூடுபிடிக்கிறது. ஒரு கிராம் மாவுச்சத்து தருவது 4 கலோரி, கொழுப்போ 9. ஏழு நாளுக்கான 14,000 கலோரியைச் சர்க்கரையாகச் சுமந்தால் மூன்றரை கிலோ. பாதாம், நிலக்கடலை என்றால் இரண்டரை கிலோவுக்குள் முடிந்துவிடும். ஆனால் வேகமாக ஓடும்போது உடல் கேட்பது மாவுச்சத்தைத்தான். அதனால் இரண்டும் வேண்டும். எடையைக் குறைக்க, பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைக்கூட ஒடித்துவிட்டு வருபவர்கள் உண்டு!

தண்ணீரில் இந்தச் சாமர்த்தியம் செல்லாது. ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ, அவ்வளவுதான். ஆகவே பயிற்சியிலேயே நிறைந்த பையோடு ஓடிப் பழக வேண்டும். எடையை வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது நல்லது. பிழியக்கூடிய மென்குடுவையில் நீர் நிரப்பியதும் நிமிர்த்திப் பிடித்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுங்கள், ஓடும்போது தளும்பாது.