உறுதிமிகு எஃகுத் தகடும் அச்சுப் பட்டறைகளும்

மோட்டார் வாகனத்தின் எடையைக் குறைப்பதும் பயணிகளின் பாதுகாப்பைக் கூட்டுவதும் ஒருங்கே வலியுறுத்தப்படும் காலம் இது. நம் நாட்டில் புதிய கார் மாடல்களுக்கு மோதல் சோதனை 2017 அக்டோபரில் கட்டாயமாக்கப்பட்டது. 2023 அக்டோபரில் பாரத் புதிய கார் மதிப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. மெல்லியதாக இருந்தும் அதிகச் சுமையைத் தாங்கும் உறுதிமிகு எஃகுத் தகட்டுக்கு இதனால் தேவை பெருகியுள்ளது. ஆயின் இவ்வுறுதியிலேயே ஓர் இடர்ப்பாடும் அடங்கியுள்ளது. அதன் சுமை, அச்சு செய்து தரும் சிறு பட்டறைகளின் மீது விழுகிறது.

தகட்டை அச்சில் அழுத்தி வளைத்தபின் அழுத்தத்தை நீக்கினால், அது சிறிது பின்னோக்கி விரியும். பட்டறைகளில் இதனை ‘ஸ்பிரிங்பேக்’ என்பர்; மீள்விரிவு எனலாம். எந்த எஃகானாலும் அதன் யங் குணகம் ஏறத்தாழ ஒன்றே: சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2,10,000 நியூட்டன். நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவு மட்டுமே வேறுபடுகிறது. அத்தகைவு உயர உயர மீள்விரிவும் உயரும்.

ஓர் எளிய கணக்கைக் காண்போம். 1 மி.மீ. தடிப்புள்ள தகடு, 10 மி.மீ. ஆரத்தில் 90 பாகை வளைக்கப்படுகிறது. 210 நியூட்டன் தகைவில் வளையத் தொடங்கும் மென்னெஃகாயின், பாடநூல் சூத்திரப்படி வளைவு 87 பாகையளவில் நிற்கும். 700 நியூட்டன் எஃகோ 81 பாகைக்கு வந்துவிடும். எனவே 90 பாகை வேண்டுமாயின் அச்சை 100 பாகைக்கு வெட்ட வேண்டும்.

இவ்வளவே என்றால் சூத்திரமே போதும். ஆனால் உண்மையான உறுப்புகளில் தகடு அச்சின் விளிம்பைச் சுற்றி வளைந்து, மறுபடி நிமிர்ந்து, சுவராக இறங்குகிறது. ஒரு திசையில் இழுபட்ட எஃகு, எதிர்த்திசையில் எளிதில் இணங்கிவிடும். 1880களில் ஜெர்மானியப் பொறியாளர் பௌஷிங்கர் ஆராய்ந்த விளைவு இது. மேலும், இழுபட்ட எஃகு சுமை நீங்கித் திரும்பும்போது காட்டும் குணகம் 10 முதல் 20 விழுக்காடு வரை குறைவதும் உண்டு. இவ்விரண்டையும் புறக்கணித்துக் கணினியில் செய்யும் கணிப்பு, அழகிய படத்தையும் தவறான கோணத்தையும் தரும்! ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தின் யோஷிதாவும் உயெமோரியும் 2002இல் வெளியிட்ட கணித மாதிரி இக்குறையைப் பெரிதும் நீக்கியது. இன்று அது கணிப்பு மென்பொருள்களில் இடம்பெற்றுள்ளது.

பொருளாதாரம் பயின்ற எனக்கு, சிக்கல் இங்கேதான் தொடங்குவதாகப் படுகிறது. அம்மாதிரிக்கு வேண்டிய எண்களைச் சாதாரண இழுவிசைச் சோதனை தருவதில்லை. தகட்டை இழுத்தும், மடங்கிவிடாமல் பிடித்துக்கொண்டு அமுக்கியும், மாறிமாறிச் சோதிக்க வேண்டும். அதற்குரிய கருவி சிறு பட்டறையில் இராது. எண்கள் இல்லாத பட்டறை பழைய வழியையே நாடுகிறது: அச்சை வெட்டு, அழுத்திப் பார், தேய்த்துத் திருத்து, மீண்டும் அழுத்து. ஒவ்வொரு சுற்றிலும் இயந்திர நேரமும் கருவி எஃகும் செலவாகின்றன. ஒப்பந்தத் தொகையோ மாறுவதில்லை.

ஒரே எஃகை வாங்கும் நூறு பட்டறைகளும் தனித்தனியே சோதிப்பது வீண்செலவு. ஒருமுறை அளந்த எண் எல்லோருக்கும் பயன்படும்; பயன்படுத்துவதால் அது தேய்வதில்லை. எனவே இது பொதுச் செலவில் செய்யத்தக்க பணி. ஜாம்ஷெட்பூரில் 1950இல் திறக்கப்பட்ட தேசிய உலோகவியல் ஆய்வகம், ஹைதராபாத்தில் 1968இல் நிறுவப்பட்ட மத்திய கருவி வடிவமைப்பு நிலையம் போன்ற அமைப்புகள் இதற்கு இயல்பாகவே பொருந்துவன.

தகட்டைச் சுமார் 900 டிகிரி வெப்பத்தில் காய்ச்சி, அச்சுக்குள்ளேயே குளிர்விக்கும் முறையும் உண்டு. அதில் மீள்விரிவு மிகச் சொற்பம். உலையும் குளிர்நீர்க் குழாய் பதித்த அச்சும் வேண்டியிருப்பதால் சிறு முதலீட்டுக்கு அது எட்டாது.

கணிப்பு சரியாக அமைந்தாலும் எஃகு ஆலைக்கும் இதில் பங்குண்டு. முன்கூறிய 100 பாகை அச்சில், தகைவு 10 விழுக்காடு கூடிய சுருள் ஒன்று வந்து சேர்ந்தால் வளைவு 89 பாகையில் நின்றுவிடும். பற்றவைப்புச் சட்டத்தில் அந்த ஒரு பாகையே பொருந்தாமைக்குப் போதுமானது. ஆகவே சுருளோடு வரும் சோதனைச் சான்றிதழில், குறைந்தபட்ச வரம்பு மட்டுமின்றி அச்சுருளின் உண்மையான தகைவும் குறிக்கப்பட வேண்டுமென்று பட்டறைகள் கொள்முதல் ஆணையிலேயே கோருதல் நலம்.